பேயுமல்ல, திமிருமல்ல!

நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்களில் ஒரு பெண், காலையில் தெய்வமென்று கொண்டாடியவரை மாலையில் சத்துருவென்று தூற்றுகிறாள். சிறு சொல்லுக்குக் கொதித்தெழுந்து அடுத்த நாழிகையில் தேம்புகிறாள். "கைவிட்டு விடுவீர்களோ" என்று உற்றாரைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள். தன் கையைத் தானே கீறிக்கொள்கிறாள். இதற்கு நம்மவர் கூறும் காரணங்கள் இரண்டே. ஒன்று பேய், மற்றொன்று திமிர். முன்னதற்கு வேப்பிலையும் சாட்டையும். பின்னதற்கு உதையும் அவசரக் கலியாணமும். ஆணாயிருந்தாலோ "முன்கோபி" என்ற பட்டத்தோடு விட்டுவிடுகிறோம்; அடிபடுவது அவன் மனைவி!

இது ஒரு மனோவியாதி. நியூயார்க் மனோவைத்தியர் அடால்ஃப் ஸ்டெர்ன் 1938-இல் இத்தகையோரை "எல்லைக்கோட்டு" வகையினர் என்றார். 1980-இல் அமெரிக்க மனோவைத்தியர்களின் கைநூலில் இந்நோய் இடம்பெற்றது. ஒன்பது குறிகளில் ஐந்தேனும் நெடுங்காலம் நிலைத்திருந்தாலன்றி வைத்தியர் இப்பெயரைச் சொல்லார். ஒரு நாட்கோபம் நோயாகாது. எளிதில் கிளரும் பிறவிச் சுபாவமும், பலரிடத்தில் பிள்ளைப் பருவத்து அடியும் புறக்கணிப்பும் சேர்ந்து இதை வளர்க்கின்றன. அங்ஙனமிருக்க, அடியால் வளர்ந்த நோயை அடித்தே தீர்ப்போம் என்பது எந்த ஊர் நியாயம்? பேய்தான் காரணமென்றால், நியூயார்க்கு வெள்ளைக்காரரைப் பிடிக்க அது கப்பலேறிப் போயிற்றா என்று கேட்கிறோம்.

இது தீராத நோயுமன்று. வாலிபத்தில் மனநோய் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த மார்ஷா லினஹான் என்ற அம்மையார், பிற்காலத்தில் தாம் வகுத்த சிகிச்சை முறையை 1993-இல் நூலாக்கினார்; தம் கதையை 2011-இல் உலகறியச் சொன்னார். பொங்கும் உணர்ச்சியை இன்னதென்று அறிந்து, பொறுத்து, உறவை முறிக்காமல் பேசப் பழக்குவதே அம்முறை. பலர் குணமடைந்து வாழ்கின்றனர்.

சர்க்காரும் மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைச் சிறையிலிட இடமளித்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிற்று. தோட்டங்களில் கைக்கெட்டும் விஷமாயிருந்த பாராகுவாட் களைக்கொல்லி 2020 முதல் தடைசெய்யப்பட்டது. மாறாதவர் நாமே! 1911-இல் தோன்றிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். அம்மருத்துவமனையின் இன்றைய மலாய்ப் பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள்!

கும்பிடுவதை நாம் தடுக்கவில்லை. கட்டி வைத்து அடிப்பதையே தடுக்கிறோம். பணமில்லையென்பதும் வெறும் சாக்கு. கோடங்கிக்கும் சேவலுக்கும் சாராயத்துக்கும் கொட்டிய பணத்தில் ரந்தாவிலிருந்தும் பஹாவிலிருந்தும் சிரம்பான் அரசாங்க மருத்துவமனைக்குப் பலமுறை பஸ் ஏறிப் போய் வரலாமே! அங்கே மனநல வைத்தியர்கள் இருக்கின்றனர்.

பெற்றோர்களே! "சாகப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் அதை நடிப்பென்று எள்ளாதீர். அருகில் இருங்கள், விஷத்தையும் கத்தியையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பேய்க்குப் பயந்தது போதும். இனியாவது பிள்ளையின் துயருக்குச் செவிகொடுப்போமாக.