சரக்கு நம்முடையது, கடை அவர்களுடையது

தலைப்பைப் பார்த்து வேறு எதையோ எதிர்பார்த்து ஓடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது பி.காம் படிக்கிறவன் பேசுகிற சரக்கு :-) அதாவது கன்சைன்மென்ட்.

காமர்ஸ் படிக்காத நண்பர்களுக்காக இரண்டு வரி. என் சரக்கை உங்கள் கடைக்கு அனுப்புகிறேன். நீங்கள் விற்றுக் கொடுக்கிறீர்கள். விற்கும் வரை சரக்கு என்னுடையதுதான், அது கெட்டுப்போனாலும் விலை இறங்கினாலும் நஷ்டமும் என்னுடையதுதான். உங்களுக்குக் கமிஷன். என்ன விலைக்கு விற்றீர்கள், என்ன செலவு, மீதி எவ்வளவு என்று எனக்கு 'அக்கவுண்ட் சேல்ஸ்' அனுப்ப வேண்டும். "அனுப்புவது விற்பனை ஆகாது" என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்களே, அதேதான்.

பரீட்சைக்கு மட்டும் என்று நாம் நினைக்கிற இந்தப் பாடம் அமெரிக்காவில் ஒரு பெரிய சந்தையையே நடத்திக்கொண்டிருக்கிறது. அதுதான் ட்ரேடிங் கார்டு சந்தை. பேஸ்பால், கூடைப்பந்து வீரர்கள் படம் போட்ட கார்டுகள், போக்கிமான் கார்டுகள் இப்படி. சின்னப் பையன்கள் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதன் சொந்தக்காரர் 1991-ல் அதை வாங்கிய விலை 50,000 டாலர்.

ஆனால் இந்தக் கதைகளைப் படித்துவிட்டுப் பரணில் இருக்கும் பெட்டியை இறக்குகிறவர் கையில் இருப்பது மேன்டில் அல்ல. ஒரு டாலர், இரண்டு டாலர் கார்டுகள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, விவரம் எழுதி, உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பதற்குள் விடிந்துவிடும். இந்த இடத்தில்தான் ஆன்லைன் கன்சைன்மென்ட் வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் சி.ஓ.எம்.சி. மாதிரியான சேவைக்கு மொத்தமாக அனுப்பிவிட்டால் போதும். அவர்களே முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து பட்டியலில் ஏற்றுவார்கள். விலை மட்டும் நாம் வைக்க வேண்டும். இதில் ஒரு அழகு என்னவென்றால், வாங்கியவர் கார்டை அங்கேயே விட்டுவைத்து, தன் விலையில் மறுபடி விற்பனைக்குப் போடலாம். சரக்கு நகராமல் சொந்தக்காரர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்.

இதை நான் குறை சொல்லவில்லை. தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாத வேலையைச் சேர்த்துச் செய்தால் கட்டுப்படியாகும் என்பது நல்ல வியாபாரம். ஆனால் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு உதாரணம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. தலா 2 டாலர் விலையில் 100 கார்டு அனுப்புகிறீர்கள். ஏற்றுவதற்குக் கார்டுக்கு 50 சென்ட். ஆக 50 டாலர் முதலிலேயே போச்சு. ஒரு வருஷத்தில் 40 கார்டு விற்கிறது. வரவு 80 டாலர். அதில் 15 சதவீதம், அதாவது 12 டாலர் கமிஷன். மீதி 68. முதலில் கொடுத்த 50-ஐக் கழித்தால் கையில் நிற்பது 18 டாலர்! விற்காத 60 கார்டு அவர்கள் கிடங்கில். திரும்ப வரவழைக்கத் தபால் செலவு தனி.

கவனியுங்கள், கட்டணம் 100 கார்டுக்கும் போகிறது, வருமானம் 40 கார்டில்தான் வருகிறது. இதே கணக்கில் ஒன்றரை டாலருக்குக் கீழே இருக்கும் கார்டை அனுப்பினால் நமக்கு நஷ்டம், அவர்களுக்கு லாபம். "கமிஷன் 15 சதவீதம்தானே" என்று பார்த்தால் ஏமாந்து போவோம். நிலையான செலவு, விற்பனை விகிதம் இரண்டும் சேர்ந்துதான் உண்மையான கமிஷன்.

சரி, இது கணக்கு. கணக்கு தெரிந்தவன் தப்பித்துக்கொள்வான். என் கவலை வேறு. ஏஜென்ட் என்பவன் யாருக்காக வேலை செய்கிறான்?

இல்லினாய்ஸ் மாநிலத்தில் மாஸ்ட்ரோ ஆக்‌ஷன்ஸ் என்று ஒரு ஏல நிறுவனம் இருந்தது. இந்தத் துறையில் பெரிய தலை. அதை நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏலத்தில் பொய்க் கேள்விகள் புகுத்தி விலையை ஏற்றியது ஒன்று. இன்னொன்று அதைவிடப் பிரபலம். உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட ஹோனஸ் வாக்னர் கார்டின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். தரம் பார்க்கும் பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் தரச்சான்று கொடுத்த கார்டு அது. 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விற்ற கார்டு. 2015-ல் அவருக்கு 20 மாத சிறைத் தண்டனை கிடைத்தது.

பழைய கதை என்று விட்டுவிடலாமா? 2021 ஆகஸ்டில் இபே, தன் தளத்தில் மிகப் பெரிய கன்சைன்மென்ட் விற்பனையாளர்களில் ஒன்றான பி.டபிள்யூ.சி.சி.யை வெளியே அனுப்பியது. அந்த நிறுவனத்துடன் தொடர்புடைய சிலர் பொய்க் கேள்வி கேட்டார்கள் என்பது இபேயின் குற்றச்சாட்டு. பி.டபிள்யூ.சி.சி. அதை மறுத்தது, பிறகு தனியாகவே சந்தை நடத்தியது. 2023-ல் ஃபனாட்டிக்ஸ் அதை வாங்கி, 2024-ல் ஃபனாட்டிக்ஸ் கலெக்ட் என்று பெயரை மாற்றியது.

"அட, பொய்க் கேள்வியால் விலை ஏறினால் விற்பவனுக்கு லாபம்தானே, உனக்கென்ன வலிக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, பொய்யாகக் கேட்டவனே கடைசியில் ஜெயித்துவிட்டால் காசு வராது, கார்டு மறுபடி ஏலத்துக்கு வரும். இரண்டாவது, கார்டு விற்கிறவர்களில் பெரும்பாலோர் வாங்குகிறவர்களும்கூட. இன்று எனக்குக் கிடைத்த பொய் விலையை நாளை நானே இன்னொரு கார்டுக்குக் கொடுப்பேன். மூன்றாவதுதான் முக்கியம். கார்டுக்கு என்று உள்ளார்ந்த மதிப்பு எதுவும் கிடையாது. போன முறை என்ன விலைக்குப் போனது என்பதுதான் இந்த முறை விலை. அந்தப் பழைய விலைப் பட்டியலில் பொய் கலந்தால் எல்லோருடைய சரக்கின் மதிப்பும் சந்தேகத்துக்குரியது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் 2021-ல் கோல்டின் என்ற ஏல நிறுவனத்தை வாங்கியது. 2024-ல் அது இபே கைக்கு மாறியது. தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வருஷமும் தரம் போடுகிறவரும் விற்றுக் கொடுக்கிறவரும் ஒரே வீட்டுக்காரர்கள். பரீட்சைத் தாள் திருத்துகிறவரே டியூஷனும் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

ஏஜென்சி சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. நாம் பிசினஸ் லாவில் படிக்கிற 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு, முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் கணக்கில் வியாபாரம் செய்தால் அதில் வந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது. அது இந்தியச் சட்டம், அமெரிக்கக் கார்டுக்குச் செல்லாது. ஆனால் தத்துவம் எந்த ஊருக்கும் பொது: ஒருவன் இரண்டு பக்கமும் நின்று பேரம் பேசக்கூடாது, பேசினால் சொல்லிவிட்டுப் பேச வேண்டும்.

அதனால் என் கருத்து இதுதான். கமிஷன் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. சரக்கை அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. நிறுவனம் தன் சொந்தச் சரக்கையும் அதே பட்டியலில் விற்கிறதா? ஊழியர்கள் ஏலம் கேட்க அனுமதி உண்டா? ஜெயித்தவர் பணம் கட்டாமல் போனால் அந்த விலை பழைய விலைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுமா, நஷ்டம் யார் தலையில்? பணத்தை வெளியே எடுக்க, கார்டைத் திரும்ப வாங்க என்ன கட்டணம்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராத இடத்துக்கு, பூஜ்யம் சதவீதக் கமிஷன் என்றாலும், நான் சரக்கு அனுப்ப மாட்டேன்.

கன்சைன்மென்ட் என்பதே கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் நம் பொருளை ஒப்படைப்பது. அந்த நம்பிக்கைக்குத்தான் கமிஷனே தருகிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள். முக்கியமாக அந்த 18 டாலர் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கக் காத்திருக்கும் என் வகுப்பு நண்பர்கள்!