சந்தை வேண்டும், சபை வேண்டாம்

மாதத்திற்கொரு முறை, பெல்ஜியத் தலைநகரான பிரஸ்ஸல்ஸிலிருந்து பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் காகிதக் கட்டுகள் அடைத்த பெட்டிகள் லாரியேறிப் புறப்பட, எழுநூற்றுச் சொச்சம் அங்கத்தினர்களும் அவர்களுடைய காரியதரிசிகளும் பின்தொடர்ந்து சென்று, நான்கு நாள் கூடிப் பேசி வாக்களித்துவிட்டு, அதே பெட்டிகளோடு திரும்பி வருகின்ற விநோதத்தைக் கண்டு நகைக்காதவர் ஐரோப்பாவில் அரிது. அந்த ஐரோப்பிய பார்லிமெண்டில், ஐரோப்பிய ஒன்றியத்தின் கை தேசங்களின் காரியங்களுக்குள் மிதமிஞ்சி நீளலாகாது என்று வாதித்துக்கொண்டே, 2004 முதல் 2024 வரை இருபது வருஷம் அமர்ந்திருந்தவர் செக் தேசத்தின் யான் ஸாஹ்ராடில். (யான் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர்; நம் பழந்தமிழின் தன்மைச் சொல்லாகக் கொண்டு, இவர் என்ன இத்தனை அகங்காரியா என்று வாசகர் திகைக்க வேண்டாம்.)

1963இல் பிராக் நகரில் பிறந்து, ரசாயனத் தொழில்நுட்பம் பயின்று, நீர்வள ஆராய்ச்சி நிலையமொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தவரை, 1989 நவம்பரில் கம்யூனிஸ ஆட்சியைச் சாய்த்த எழுச்சி அரசியலுக்கு இழுத்துவந்தது. 1992இல் அவர் செக்கோஸ்லோவாக்கியக் கூட்டாட்சியின் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வருஷத்தின் கடைசி நாளோடு தேசமே இரண்டாகப் பிரிந்துவிட, அவர் அமர்ந்த சபையும் மறைந்தது. கூட்டாட்சி என்பது ஒரு துளி ரத்தமும் சிந்தாமல், ஒரு சட்டத்தின் வரிகளால் கரைந்துபோகக்கூடிய வஸ்து என்பதைத் தம் முப்பது வயதுக்குள் கண்ணாரக் கண்டவர், பின்னாளில் ஐரோப்பாவைப் பெருங் கூட்டாட்சியாக்க வேண்டுமென்று பேசியவர்களைச் சந்தேகத்தோடு நோக்கியதில் ஆச்சரியமில்லை.

செக் தேசத்தில் ஓர் அரசியல்வாதி தம்மை வியாபாரத்தின் சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ளும்போது, அது லண்டனிலோ பாரீஸிலோ ஒலிப்பதைப்போல் ஒலிப்பதில்லை. போலந்தில் குடியானவன் தன் நிலத்தையும், ஹங்கேரியில் சிறு கடைக்காரன் தன் கடையையும் ஓரளவு காப்பாற்றிக்கொண்ட காலத்திலேயே, செக்கோஸ்லோவாக்கியாவில் செருப்புத் தைப்பவனின் பட்டறையும் ரொட்டிக் கடையும்கூடப் பெரும்பாலும் அரசின் வசமாகிவிட்டிருந்தபடியால், சொந்தமாக ஒரு கடை வைப்பதென்பது அங்கே லாபநஷ்டக் கணக்கு மட்டுமன்று, சுதந்திரத்தின் சின்னம். இந்த உணர்ச்சியைச் சித்தாந்தமாக வார்த்தவர் வாத்ஸ்லாவ் கிளவுஸ். அவர் நிறுவிய குடிமை ஜனநாயகக் கட்சியில் வளர்ந்து, 1995 முதல் 1997 வரை பிரதமர் கிளவுஸின் ஆலோசகராயிருந்த ஸாஹ்ராடில், 2001இல் வேறு சிலரோடு சேர்ந்து ‘செக் ஐரோப்பிய யதார்த்தவாதத்தின் அறிக்கை’யை எழுதினார். ஐரோப்பாவை விட்டு விலகுவதன்று அவர்கள் கோரிக்கை. பொதுச் சந்தை தாராளமாக இருக்கட்டும், பொது அரசாங்கம் மட்டும் வேண்டாம் என்பதே.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுச் சந்தையை யார் காவல் காப்பது?

உண்மையில் ஸாஹ்ராடிலின் ஐரோப்பிய வாழ்வே இக்கேள்விக்கு அவர் விரும்பாத விடையாக அமைந்தது. 2007இல் லிஸ்பனில் கையெழுத்தான உடன்படிக்கையை, மற்ற எல்லாத் தேசங்களும் ஏற்ற பின்னும், ஜனாதிபதியாயிருந்த கிளவுஸ் பிடிவாதமாகத் தாமதப்படுத்தி, கடைசி ஆளாக 2009 நவம்பர் 3ஆம் தேதிதான் கையொப்பமிட்டார். அப்படி ஆசான் வேண்டாவெறுப்பாக ஒப்பிய அதே உடன்படிக்கைதான், அயல்தேசங்களோடு ஒன்றியம் செய்துகொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்களுக்கு ஐரோப்பிய பார்லிமெண்டின் சம்மதம் அவசியம் என்று விதித்து, அதுவரை அபிப்பிராயம் சொல்லும் மன்றமாக இருந்த சர்வதேச வர்த்தகக் குழுவுக்கு உயிர் கொடுத்தது. சீடரோ அக்குழுவின் துணைத்தலைவர்களில் ஒருவரானார். மரத்தை நடவேண்டாமென்று தடுத்தவர் வீட்டாருக்கே அதன் நிழல் கிட்டியதைப் போன்ற இந்த நிலையை அவர் மனத்துக்குள் ரசித்தாரா, சங்கடப்பட்டாரா என்று கேட்க எனக்கு ஆவலுண்டு.

2019இல் ஐரோப்பியப் பழமைவாதிகள், சீர்திருத்தவாதிகள் அணியின் சார்பில் அவர் ஒன்றியத்தின் தலைமை ஆணையர் பதவிக்கே வேட்பாளராக நின்றதும், மே மாதத்தில் பிரஸ்ஸல்ஸ் மேடையில் மற்ற ஐந்து வேட்பாளர்களோடு வாதித்ததும், பிறகு அந்த மேடையின் பக்கமே வராத ஜெர்மன் மந்திரி உர்சுலா வொன் டெர் லேயன் அப்பதவியைப் பெற்றதும் அவருடைய வாதத்துக்கு அனுகூலமான சாட்சியங்கள். ஜனங்களிடம் காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று அவரைப் போன்றோர் குறை கூறியபோது அதற்கு மறுமொழி எளிதாக இல்லை.

எனினும் அவருடைய வாழ்வின் சுவையான கட்டம் வியட்நாமைப் பற்றியது. பிராக் நகரின் தெற்கோரத்தில் ஸாப்பா என்றொரு வியட்நாமியச் சந்தை இருக்கிறது. கம்யூனிஸ்டு காலத்தில் சகோதர தேசம் என்ற உறவில் தொழிலாளிகளாகவும் மாணவர்களாகவும் வந்து, ஆட்சி மாறிய பின்னும் தங்கிவிட்டவர்களின் குடும்பங்கள்தாம் இன்று செக் ஊர்களில், மற்றக் கடைகள் சாத்தப்பட்ட நேரத்திலும் விளக்கெரிய, பாலும் பீரும் தக்காளியும் விற்கும் சிறு கடைகளை நடத்துகின்றன. மாலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து அவற்றுக்கு வெச்செர்கா என்று பெயர். இத்தகைய தேசத்தின் பிரதிநிதி, ஒன்றியத்துக்கும் வியட்நாமுக்கும் இடையே 2019 ஜூன் 30ஆம் தேதி ஹனோயில் கையெழுத்தான, சுங்கவரிகளில் ஏறக்குறைய 99 சதவிகிதத்தைப் படிப்படியாக நீக்குகின்ற ஒப்பந்தத்தைப் பரிசீலித்துச் சபைக்கு அறிக்கை தரும் பொறுப்பை ஏற்றது பொருத்தமே.

அப்போதுதான், வியட்நாம் அரசோடு தொடர்புடைய ஓர் அமைப்பில் தமக்கிருந்த ஸ்தானத்தை அவர் முறைப்படி அறிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் அதை ஒப்பவில்லை. ஆயினும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அவருடைய நேர்மையைக் குறித்துத் தீர்ப்பளிக்க நான் முன்வரவில்லை. ஆனால் சந்தையின் நியாயத்தை இருபது வருஷம் போதித்தவருக்கு, தராசு பிடிப்பவன் விற்பவனுக்கு உறவினன் என்ற பேச்சு எழுந்தாலே எடை எத்தனை சரியாயிருந்தாலும் வாங்குபவன் நம்பமாட்டான் என்பது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஐயத்தைக் கிளப்பியதும், அதற்கு விளக்கம் கேட்க இடமளித்ததும் ஒன்றியத்தின் விதிகள்தாம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2020 பிப்ரவரி 12ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்கில் பெட்டிகள் இறங்கி, அங்கத்தினர்கள் கூடி, 401 பேர் ஆதரித்தும் 192 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, வியட்நாம் ஒப்பந்தம் நிறைவேறியது. ஸாஹ்ராடிலின் பெயர் இருந்திருக்க வேண்டிய அறிக்கையின் முகப்பில் அவருடைய அணியைச் சேர்ந்த பெல்ஜியர் ஒருவரின் பெயர் இருந்தது. கம்யூனிஸ்டு வியட்நாமோடு தாராள வியாபாரம் செய்யச் சிபாரிசு செய்த அந்தக் கனவானின் குடும்பப் பெயர், நம் இடதுசாரிப் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு மிகவும் பரிச்சயமானது: பூர்ஷ்வா.