வேகம்தான் அதன் பலவீனம்

"வேகமாகப் பரவும் புற்று, எப்படியும் பிழைக்காத பிள்ளைக்கு எதற்குக் கீமோ என்ற விஷம்?" என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். இரக்கம்போலத் தெரிகிறது. ஆனால் அடிப்படையே தவறு.

பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றை எடுத்துக்கொள்வோம். ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடிய கட்டி. கீமோ மருந்துகள் பெரும்பாலும் தாக்குவது பிளவுபடும் செல்களைத்தான். ஆகவே அந்த வேகமே அதற்கு எமன். சைக்ளோபாஸ்பமைடு, வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு என்று மிதமாகத் தொடங்கும் முதல் வாரத்திலேயே வயிற்றுக் கட்டி கரையத் தொடங்கும். செத்த செல்களின் கழிவே சிறுநீரகத்தை அடைத்துவிடலாம் என்பதால், டிரிப்ஸ் ஓட ஓட யூரிக் அமிலத்தையும் பொட்டாசியத்தையும் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பார்கள். இதுவா பயனில்லாத மருந்து?

2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் சேர்ந்தவர்கள் இவ்வகை நோய் முற்றிய பிள்ளைகள். 3 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் சுமார் 87 சதவீதம். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 95. 'பிழைக்காத பிள்ளை' எங்கே?

கீமோவின்போது இறப்பு உண்டு, மறுக்கவில்லை. வெள்ளணு சரியும் நாட்களில் வரும் தொற்று கொல்லும். மருத்துவர் டெனிஸ் பர்கிட் இந்நோயை விவரித்த உகாண்டா போன்ற நாடுகளில் பிழைப்போர் இன்னும் மிகக் குறைவு. தாமதமும் மருந்துத் தட்டுப்பாடும் பாதியில் நின்றுபோகும் சிகிச்சையும் அங்கே காரணம். அந்தப் பழியைக் கீமோவின் தலையில் கட்டுவது அநியாயம்.

கழுத்திலோ வயிற்றிலோ சில நாட்களில் கட்டி பெருத்தால், 'ஒரு மாதம் கஷாயம் கொடுத்துப் பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.