பஞ்சத்துக்குக் குற்றவாளி சூரியனா?

"இதெல்லாம் இயற்கையின் சுழற்சி, வரும், போகும்!" பூமி சூடேறுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படிக் கைகழுவும் பிரமுகர்கள் இன்றும் உண்டு. இந்தப் பல்லவி நமக்குப் புதிதல்ல, தோழர்களே! தாது வருஷத்திலேயே கேட்டிருக்கிறோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடும் பஞ்சம். லட்சோப லட்சம் மக்கள் மாண்டனர். இந்தியக் கோதுமையோ இங்கிலாந்துக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த தொழிலாளிக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதுமென்றார் சர் ரிச்சர்டு டெம்பிள். அதே 1877-இல் சர்க்காரின் புள்ளிவிவர அதிகாரி ஹண்டர் ஒரு 'கண்டுபிடிப்பை' வெளியிட்டார். சூரியனில் கரும்புள்ளிகள் குறையும்போது சென்னையில் மழை குறைகிறதாம்; பஞ்சம் பதினோரு ஆண்டுச் சக்கரமாம்! ஆக, குற்றவாளி கோட்டையில் இல்லை, வானத்தில்!

அவர் கையில் இருந்தது சுமார் அறுபது ஆண்டு மழைக் கணக்கு. பதினொன்றால் வகுத்தால் ஆறு சுற்றுக்கூடத் தேறாது.

இதைச் சோதிக்க வழி உண்டு. குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டின் மழையையும் ஓர் ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, எடுத்த வரிசையில் அடுக்குவோம். இப்போது மழைக்கும் சூரியனுக்கும் சம்பந்தமே கிடையாது. நூறு முறை இப்படிக் குலுக்கியதில் முப்பது முறை அதே பதினோரு ஆண்டு அலை தென்பட்டால், ஹண்டர் கண்டதும் குலுக்கல் அதிர்ஷ்டமே. ஓரிரு முறைதான் தென்பட்டது என்றால் யோசிக்கலாம்.

இதிலும் சூது உண்டு. ஏழாண்டு, ஒன்பதாண்டு, பதினோராண்டு என்று இருபது விதமாகத் தேடினால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே மாட்டும். தேடலின் எண்ணிக்கைக்கேற்ப அளவுகோலை இறுக்க வேண்டுமென்று 1914-இல் எழுதியவர், இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர். வெள்ளைக்காரர்தான், ஆனால் கணக்கில் நாணயஸ்தர்!

மாஸ்கோவில் ஸ்லுட்ஸ்கி என்ற அறிஞர் 1927-இல் இன்னொன்றைக் காட்டினார். அரசாங்க லாட்டரியில் விழுந்த எண்களைப் பத்துப் பத்தாகக் கூட்டி வரிசைப்படுத்தினார். இங்கிலாந்தின் வியாபார ஏற்ற இறக்கத்தை அச்சாக ஒத்த அலை எழும்பிற்று! நேற்றைய தாக்கம் இன்றும் ஒட்டியிருக்கும் கணக்கில் சுழற்சி தானாகவே தோன்றும். அங்கே வெறும் குலுக்கல் சோதனையும் ஏமாந்துபோகும்.

1877 வறட்சிக்கு வானிலைக் காரணம் இல்லாமலில்லை. பசிபிக் கடலின் எல் நினோ அது. இரண்டு முதல் ஏழு ஆண்டு இடைவெளியில் ஒழுங்கின்றி வருவது. பஞ்சாங்கத்தில் குறித்துவைக்க முடியாதது.

ஆகவே சுழற்சி பேசுவோரிடம் கேளுங்கள்: எத்தனை சுற்றுப் பார்த்தீர்? எத்தனை விதமாகத் தேடினீர்? மறுபடியும் சூரியனைக் காட்டினால் இதையும் சொல்லுங்கள்: 1980-க்குப் பின் இந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனின் வீச்சு கூடவில்லை, பூமியின் வெப்பம் ஏறியிருக்கிறது.