எண்ணும் விதியே முதற்கேள்வி

“கூடுதல் வாக்குப் பெற்றவர் வென்றார், இதில் ஆராய என்ன இருக்கிறது?” என வினவுவோர் நம்மிடையே பலர். கற்றோரும் இங்ஙனம் கேட்பதே வியப்பு. அவர்களுக்கு நம் தருமபுரித் தொகுதியையே சான்றாகக் காட்டுவோம்.

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் இங்கு வென்ற தி.மு.க. வேட்பாளர் பெற்றவை 4,32,667 வாக்குகள். அடுத்து வந்த பா.ம.க. வேட்பாளர் பெற்றவை 4,11,367. மூன்றாமவரான அ.இ.அ.தி.மு.க. வேட்பாளரும் 2,90,000க்கு மேல் பெற்றார். வென்றவருக்குக் கிடைத்தது பதிவான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சட்டப்படி அவ்வெற்றி செல்லும். அதில் நாம் குறை காணவில்லை. ஆயின், மூன்றாமவருக்கு வாக்களித்தோர் முதலிருவருள் எவரை ஏற்றிருப்பர்? அதனை இயந்திரம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அதே முடிவு உறுதிப்பட்டிருக்கலாம், மாறியும் இருக்கலாம். வெற்றியாளரைத் தேர்வதில் மக்களுக்கு மட்டுமன்றி, எண்ணும் விதிக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

“வரிசையிட்டு வாக்களிக்கப் பாமரருக்கு இயலுமோ?” என்பர். இலங்கை அதிபர் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024இல் எவரும் பாதியைக் கடவாமையால், அங்கு முதன்முறையாக அடுத்த விருப்பங்களும் எண்ணப்பட்டன. யாழ்ப்பாணத்து உழவருக்குத் தகுந்தது அரூர் உழவருக்குத் தகாதா? நம் நாட்டிலும் 1969இல் வி.வி. கிரி அவர்கள் குடியரசுத் தலைவரானது இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்ட பின்னரே.

வரிசை முறையும் குறையற்றதன்று. மூவர் வாக்களிக்கின்றனர். ஒருவரின் வரிசை அ, ஆ, இ. அடுத்தவரின் வரிசை ஆ, இ, அ. மற்றவரின் வரிசை இ, அ, ஆ. இங்கே ‘ஆ’வை ‘அ’ வெல்லும். ‘இ’யை ‘ஆ’ வெல்லும். ‘அ’வை ‘இ’ வெல்லும்! பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இல் எடுத்துரைத்த சிக்கல் இது. மூவரோ அதற்கு மேலோ போட்டியிடுமிடத்து, நியாயமான நிபந்தனைகள் யாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றும் வரிசை விதி இல்லையென 1951இல் கென்னத் ஆரோ கணித வழியில் நிறுவினார்.

“அங்ஙனமாயின் இருப்பதே இருக்கட்டும்” என்பது சோம்பலின் வாதம். இரு தீங்குகளுள் சிறியதை ஏற்க வேண்டுமென ஃபிக்ஹு சட்டக்கலை கற்பிக்கிறது. எது சிறியது என்பதை ஆராயாமல் அறிவதெப்படி? விதியை ஐயமின்றிப் படிப்படியாக எழுத வேண்டும். ஒருவரை மேலே வரிசையிடுவதாலேயே அவர் தோற்க நேருமா? சமன் வந்தால் வழி என்ன? எனக் கேட்டு ஒவ்வொன்றையும் நிறுவ வேண்டும். சிறிய தேர்தலாயின், வரக்கூடிய எல்லா வாக்கு வரிசைகளையும் கணிப்பொறி ஒன்றுவிடாமல் சோதித்துவிடும்.

ஹிஜ்ரி 23இல் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அறுவர் கொண்ட மஷூராக் குழுவை அமைத்தபோது, மூவருக்கு மூவர் பிரிந்தால் தீர்ப்பது எங்ஙனம் என்பதையும் முன்னரே வகுத்துச் சென்றதாக வரலாறு கூறுகிறது. நம் ஜமாஅத் நிர்வாகத் தேர்தல்களிலோ, வாக்கு எண்ணி முடிந்த பின்னரே விதியைத் தேடுகின்றனர்! முடிவு தெரிந்தபின் வகுக்கும் விதி எவருக்கேனும் சாதகமாகவே அமையும். வேட்புமனு வாங்குமுன் எண்ணும் விதியை எழுதி, சோதித்து, அனைவர்க்கும் படித்துக் காட்டுக! அதனைச் செய்யாத நிர்வாகம் நியாயம் பேசுவதில் பொருளில்லை.