தசை பெண்ணுக்குப் பகை அல்ல

உத்திரமேரூர் வட்டாரத்தில் நாற்று நடுவதும் களையெடுப்பதும் குடம் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களிடம் எடை தூக்கிப் பயிற்சி செய்யச் சொன்னால் மட்டும், "உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிடுமே" என்ற அச்சம் முந்திக்கொள்கிறது. இதற்கு உடலியலில் ஆதாரம் இல்லை. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன், ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலான பெண்களுக்குச் சுரப்பதில்லை. ஆகவே பயிற்சியால் முதலில் கூடுவது வலு. உடல் திரண்டு பருக்க ஆண்டுக்கணக்கில் கடுமையாக உழைக்க வேண்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, 49 கிலோ பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். தன் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலான சுமை அது. அவர் உடலோ சிறியதாகவே இருந்தது.

"வயல் வேலையே போதாதா?" என்பது நியாயமான கேள்வி. நடவு, மணிக்கணக்கில் குனிந்தே செய்யும் வேலை. முதுகை நோகடிக்கும், ஓய்வு தராது. பயிற்சியோ சுமையை அளவறிந்து கூட்டி, இடைவெளி விட்டு, எல்லாத் தசைகளையும் பழக்குவது. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும் வயதில் அது பெரும் காப்பு. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 2 நாளாவது தசைக்கு வலுவூட்டச் சொல்கிறது. அதற்கு ஜிம் தேவையில்லை: உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, பாதி நிரப்பிய குடத்தைத் தூக்கி இறக்குவது போதும். களைத்தவளுக்கு நேரமேது என்பார்கள். வீட்டு வேலையைப் பங்கிட்டு அந்த நேரத்தைத் தர வேண்டியது குடும்பத்தின் கடமை.