கருத்து ஆட்டத்தின் விதியில் இருக்கட்டும்: மாணவர் கணினி விளையாட்டுப் போட்டிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

சமூகப் பிரச்சினையை மையமாக வைத்துக் கணினி விளையாட்டு உருவாக்கும் போட்டிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று சிவகிரி வட்டாரத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் எங்களிடம் கேட்கிறார்கள். அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. ஆனால் எந்தப் போட்டிக்கு, எந்த நிபந்தனையோடு என்பதைச் சொல்லிவிட்டே அனுப்ப வேண்டும்.

பெற்றோரின் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. இணைய ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்தியைப் படித்தவர்கள் அவர்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை போட்டது. அதே சட்டம் மின்விளையாட்டையும் பணம் கலவாத ஆட்டங்களையும் ஊக்குவிக்கவும் இடம் வைத்திருக்கிறது. ஆடுவது வேறு, ஆட்டத்தை உருவாக்குவது வேறு. அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லி விரலை ஏன் விடாமல் இழுக்கிறது என்பது, அந்தக் கண்ணியைத் தானே ஒருமுறை பின்னிப் பார்த்த பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இந்த வகைப் போட்டிகள் புதிதும் அல்ல. நியூயார்க்கின் 'கேம்ஸ் ஃபார் சேஞ்ச்' அமைப்பு 2004இல் தொடங்கியது. 2015 முதல் பள்ளி மாணவர்களுக்கென்றே போட்டி நடத்துகிறது. நம் நாட்டில் 2021இல் மத்திய அரசு நடத்திய 'டாய்கத்தான்' போட்டியில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது, மின்னணு விளையாட்டுகளுக்கும் இடம் இருந்தது. நாங்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வது இன்னும் பழைய ஒன்றை. சூடானின் டார்ஃபூர் படுகொலையைப் பற்றி விளையாட்டு உருவாக்கச் சொல்லி 2005இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவி சூசனா ரூயிஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'டார்ஃபூர் இஸ் டையிங்' அதில் வென்று, 2006 ஏப்ரலில் வெளிவந்தது. அகதி முகாமில் ஒரு குடும்பம். தண்ணீர் எடுக்க யாரையாவது அனுப்பியாக வேண்டும், வழியில் ஆயுதக் குழு சுற்றுகிறது. அம்மாவையா, பிள்ளைகளில் ஒருவரையா? பக்கம் பக்கமாக எழுதினாலும் வராத கனம் அந்த ஒரு தேர்வில் இருக்கிறது. மனிதச் சாவை ஆட்டமாக்கலாமா என்றும் அப்போதே கேட்டார்கள். ஒவ்வொரு போட்டியிலும் கேட்க வேண்டிய கேள்வி அது. கொல்கத்தா புகைப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால் 2016இல் கொண்டுவந்த 'மிஸ்ஸிங்' இன்னொரு சான்று. அதில் ஆடுபவர், கடத்தப்பட்ட பெண்ணின் இடத்தில் இருந்தே ஆட வேண்டும்.

இங்கேதான் எங்கள் முக்கியமான கருத்து வருகிறது. பரமபதத்தில் நல்லது ஏணி, கெட்டது பாம்பு. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டை விழுவதைப் பொறுத்தது. ஆடுபவர் எதையும் முடிவு செய்வதில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, சேர்ந்து நின்று வழியை அடைக்க மட்டுமே முடியும். எந்த அறிவுரையும் எழுதாமலே அந்த விதி பேசுகிறது. 'சமூக நோக்கு' என்ற பெயரில் பிள்ளைகளிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் பரமபதம்தான்: குப்பையைப் பொறுக்கினால் பத்து மதிப்பெண், மரத்தை வெட்டினால் பத்து கழிவு, கடைசியில் ஒரு வாசகம். அதற்குச் சுவரொட்டியே போதும்.

நம் மலையடிவாரத்தையே எடுத்துக்கொள்வோம். யானை இறங்கித் தென்னையையும் மாவையும் வாழையையும் சாய்க்கிறது. இதை ஒரு மாணவி ஸ்கிராட்ச் என்ற இலவச நிரல் மென்பொருளில் செய்தால், முதலில் வருவது யானை தொட்டால் உயிர் போகிற ஆட்டம்தான். அதில் ஒரே ஒரு விதியை மாற்றச் சொல்லுங்கள்: வெடி போட்டால் யானை மறைந்துவிடாது, பக்கத்துத் தோப்புக்குப் போகும். அந்தத் தோப்புக்காரரும் இதே ஆட்டத்தில் இருப்பவர். அவரும் வெடி போடுவார். இப்போது ஜெயிப்பது என்றால் என்ன என்று அந்த மாணவி உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். விடிய விடியக் காவல் கிடந்த தோப்புக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும், வனத்துறைக் காவலரிடமும் கேட்க வேண்டும். யானையாக ஒரு சுற்று ஆடிப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றும். கடைமடைக்குத் தண்ணீர் வராத குளத்தையோ, பீடி சுற்றும் வீட்டின் ஒரு நாளையோ எடுத்தாலும் இப்படித்தான்.

ஆகவே போட்டி நடத்துவோரிடம் நாங்கள் கேட்பவை இவை. தலைப்பைப் பிள்ளைகளே தங்கள் ஊரிலிருந்து எடுக்கட்டும். படத்தின் பளபளப்புக்கு மதிப்பெண் வேண்டாம். ஆடுபவர் எதை முடிவு செய்கிறார், அதனால் என்ன மாறுகிறது என்பதைப் பாருங்கள். யாருடைய கஷ்டத்தைப் பற்றிய ஆட்டமோ, அவர்களில் சிலர் ஆடிப் பார்த்துச் சொன்னதும் படைப்போடு வர வேண்டும். விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதவும், நடுவர் முன் தமிழில் பேசவும் இடம் வேண்டும். ஆங்கிலம் சரளமாக வருகிற பிள்ளைக்கே பரிசு போகும் ஏற்பாட்டை நாங்கள் ஏற்கவில்லை. அரசுப் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கிற கணினியில் ஓடும் இலவச மென்பொருளே போட்டிக்கு அளவாக இருக்கட்டும். ஸ்கிராட்ச் இணையம் இல்லாமலும் ஓடும்.

பள்ளிகளிடமும் ஒன்று கேட்கிறோம். ஆய்வகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள், பெண் பிள்ளைகள் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற மாதிரி நேரம் வையுங்கள்.

பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்திய எந்த நிறுவனத்தின் பணமும் இதில் கலக்கக் கூடாது. பிள்ளை உருவாக்கியதன் உரிமை பிள்ளையிடமே இருக்க வேண்டும். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அதை எழுதி வாங்கிக்கொள்ளும் போட்டிக்கு எங்கள் அமைப்பிலிருந்து ஒரு பெயரும் போகாது.